1440×1080 உண்மையான எச்டியா? ஏற்காடு, சேலம் படப்பிடிப்புக்கு எந்த கேமரா, எந்தப் பதிவு முறை?

அழகாபுரம்_காணொளி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏற்காடு காபித் தோட்டம் பற்றி 26 நிமிட ஆவணப்படம். நடுவில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, வெண்பட்டுத் தறி எல்லாம் வரும். சேனல் கேட்பது 1080ஐ50 (1080i50, இன்டர்லேஸ்: ஒவ்வொரு ஃபிரேமையும் ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு ஃபீல்டாகப் பிரித்து, நொடிக்கு 50 ஃபீல்டு). வாடகைக்கு இரண்டு கேமரா கிடைக்கிறது. ஒன்று, தோளில் வைக்கும் பழைய டிஸ்க் கேமரா: 1/2 அங்குலத்தில் மூன்று சிப், பதிவு 1440×1080, 35 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) எம்பெக்-2. இன்னொன்று கைக்கேமரா: 1/3 அங்குலத்தில் மூன்று சிப், பதிவு 1920×1080, 24 எம்பிபிஎஸ் ஏவிசிஎச்டி. வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். 1440 என்றால் முழு எச்டி இல்லை, 1920ஐ எடு என்று பலர் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

கொண்டலாம்பட்டி_ஃபோகஸ்:
இதில் யோசிக்க என்ன இருக்கு தம்பி? எச்டி என்றால் 1920×1080. 1440 என்பது நாலில் ஒரு பங்கை வெட்டி எறிந்துவிட்டு, பார்க்கும்போது பக்கவாட்டில் இழுத்துக் காட்டும் வேலை. பிக்சலின் அகல விகிதம் 1.333 என்று கோப்பிலேயே எழுதியிருக்கும், பார்த்துக்கோ. 1920ஐ எடு, முடிந்தது.

செர்வராயன்_ஒளி:
அவ்வளவு சீக்கிரம் முடிக்க வேண்டாம்ங்க.

1440 பற்றி முதலில். 1997இல் வந்த சோனியின் எச்டிகேம் டேப் பதிவு செய்ததே 1440×1080தான். அதுவும் 3:1:1 (வெளிச்ச விவரம் மூன்றுக்கு நிற விவரம் ஒன்று), 8 பிட். நிறத்துக்குக் கிடைமட்டத்தில் 480 புள்ளிதான். பேனசோனிக்கின் டிவிசிபுரோ எச்டி 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1440×1080, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1280×1080. 720 வரிசையில் வெறும் 960×720. உலகம் முழுக்க வருடக்கணக்கில் எச்டி ஒளிபரப்பு ஓடியது இவற்றை நம்பித்தான். யாரும் அதை எச்டி இல்லை என்று திருப்பி அனுப்பவில்லை.

இப்போது கணக்கு. 1920 புள்ளியை 16:9 சட்டத்தில், படத்தின் உயரத்தை அளவுகோலாக வைத்துச் சொன்னால் கிடைமட்டத் தெளிவின் உச்சவரம்பு 1080 வரி. 1440க்கு அது 810 வரி. இழப்பு 25 சதவீதம், மறுக்கவில்லை. ஆனால் சேனல் கேட்பது 1080ஐ50. இன்டர்லேஸில் மெல்லிய கிடைக்கோடுகள் துடிக்காமல் இருக்க கேமராவே ஒவ்வொரு ஃபீல்டிலும் அடுத்தடுத்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் படிக்கிறது. அதனால் செங்குத்துத் தெளிவு 1080லிருந்து 750, 800 வரிக்கு இறங்கிவிடும். அதாவது செங்குத்தாக ஏற்கெனவே கால் பங்கு போய்விட்ட படத்தில், கிடைமட்டத்திலும் கால் பங்கு போகிறது. கண்ணுக்கு இரண்டு திசையும் ஏறக்குறைய சமமாகத் தெரியும். 1920இல் 1080ஐ50 எடுத்தால் கிடைமட்டம் மட்டும் கூர்மையாக இருக்கும். வீட்டு டிவியில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த கண் வேண்டும்.

1080பி25 (ஃபீல்டாகப் பிரிக்காமல் நொடிக்கு 25 முழு ஃபிரேம்) எடுத்தால் இந்தக் கணக்கு மாறும். வரிகளைச் சேர்ப்பது நின்றுவிடுவதால் செங்குத்துத் தெளிவு முழுசாகத் திரும்பும். அப்போது 1440 பின்தங்குவது கண்ணுக்கே தெரியும். வரி சேர்ப்பால் கிடைத்த இரட்டிப்பு வெளிச்சமும் அதோடு போகும், ஆகவே ஒரு ஸ்டாப் ஒளி கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும்.

கொண்டலாம்பட்டி_ஃபோகஸ்:
எண்ணிக்கை குறைவு என்பதை நீங்களும் ஒத்துக்கிறீங்க இல்ல சார்? 1920 கையில் இருக்கும்போது எதுக்கு 1440?

செர்வராயன்_ஒளி:
கோப்பில் 1920 இருப்பதும் படத்தில் 1920க்கான விவரம் இருப்பதும் வேறு வேறு. அந்த 1/3 அங்குல கேமராவை ஏற்காட்டு வெயிலில் ஆட்டோ ஐரிஸில் (லென்ஸ் துளையைக் கேமராவே திறந்து மூடும் நிலை) விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

1/3 அங்குல சென்சாரின் அகலம் சுமார் 5.2 மிமீ. அதில் 1920 புள்ளி என்றால் ஒரு புள்ளி 2.7 மைக்ரான். கடைசி அளவு நுண் விவரம் மில்லிமீட்டருக்கு 184 கோட்டு ஜோடி. ஐரிஸ் துளை சிறுத்தால், அதாவது எஃப் எண் கூடினால், ஒளி சிதறும். எவ்வளவு நல்ல லென்ஸாலும் இதைத் தடுக்க முடியாது. பச்சை ஒளிக்கு, குறையே இல்லாத லென்ஸாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்த நுண் விவரத்தில் மிஞ்சும் கான்ட்ராஸ்ட் எஃப்/2.8இல் 64 சதவீதம், எஃப்/4இல் 50, எஃப்/5.6இல் 32, எஃப்/8இல் 9. எஃப்/11இல் சுத்தமாகப் பூஜ்யம். அதாவது எஃப்/11இல் 1920 புள்ளிக்கான விவரம் சென்சாருக்கே வந்து சேராது. வராததை எந்தக் கோடெக்கும் (சுருக்கிப் பதியும் முறை) பதிவு செய்ய முடியாது.

அதே 1/2 அங்குலத்தில் எஃப்/5.6க்கு 48, எஃப்/8க்கு 28, எஃப்/11க்கு 8. செய்தி நிறுவனங்களின் 2/3 அங்குலத்தில் எஃப்/8க்கு 46, எஃப்/11க்கு 28. இத்தனைக்கும் இது லென்ஸ் மேதாவி என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜ லென்ஸில் இன்னும் குறையும்.

ஆக 1/2 அங்குலம், எஃப்/5.6, 1440 என்ற படம் 1/3 அங்குலம், எஃப்/11, 1920 என்ற படத்தைவிடக் கூர்மையாக இருக்கும். மெனுவில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும்.

நாகலூர்_மூடுபனி:
சார் சொன்னதுக்கு வெயில் கணக்கையும் சேர்த்துக்கங்க. கேமராவின் உணர்திறன் ஐஎஸ்ஓ 320 அளவு என்று வையுங்க. நல்ல வெயிலில் 1/320 ஷட்டருக்கு எஃப்/16. நாம் வைப்பது 1/50. அதனால் இரண்டேமுக்கால் ஸ்டாப் கூடி எஃப்/40 பக்கம் போகும், அப்படி ஒரு ஐரிஸே கிடையாது. 1/64 என்டி (ஒளியைக் குறைக்கும் சாம்பல் ஃபில்டர்) போட்டால் ஆறு ஸ்டாப் குறைந்து எஃப்/5 வரும். அதுதான் வேணும். 1/16 என்டி போட்டால் எஃப்/10, அங்கேயே படம் மங்கிடும். என்டியே போடாமல் விட்டால் கேமரா எஃப்/11க்குப் போய், அதுவும் பத்தாமல் ஷட்டரை 1/500க்கு ஏத்தும். அந்த ஷட்டரால் வேறொரு கேடு இருக்கு, பிட்ரேட் பேச்சு வரும்போது சொல்றேன்.

பகோடா பாயின்ட்டில் காலையில் மேகம் வந்து வந்து போகும். நிமிஷத்துக்கு நிமிஷம் மூன்று ஸ்டாப் மாறும். என்டி சக்கரத்தின் மேல் ஒரு கை இருந்துகொண்டே இருக்கட்டும். ஐரிஸை எஃப்/2.8க்கும் எஃப்/5.6க்கும் நடுவில் பிடிச்சு வைக்கிறதுதான் வேலை.

ஐந்துரோடு_எடிட்:
லென்ஸ் பேச்சு சரி. டைம்லைனில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியும் குறை பெரும்பாலும் சுருக்கத்தில் இருக்கு.

1920×1080, 25 ஃபிரேம், 8 பிட் 4:2:0 (நிற விவரம் இரண்டு திசையிலும் பாதி) சுருக்காமல் இருந்தால் நொடிக்கு 622 மெகாபிட். அதை 24க்கு அழுத்துவது 26:1. அந்த டிஸ்க் கேமராவின் 1440 படம் 467 மெகாபிட், 35க்கு அழுத்துவது 13:1 சொச்சம். எச்டிவி (HDV) டேப் 467ஐ 25க்கு, 19:1. சேனல்கள் வழக்கமாகக் கேட்கும் 50 எம்பிபிஎஸ் 4:2:2இல் (நிறம் கிடைமட்டத்தில் மட்டும் பாதி) 829ஐ 50க்கு, 17:1 பக்கம்.

ஏவிசிஎச்டியின் எச்.264 எம்பெக்-2ஐவிட இரட்டிப்புத் திறமை என்று சொல்வாங்க. நல்ல என்கோடரில் (சுருக்கும் கருவியில்) நிஜம். சின்ன கேமராவுக்குள் சூடாகாமல், பேட்டரி தின்னாமல், அந்தந்த நொடியிலேயே சுருக்க வேண்டிய சிப்பிடம் அந்த முழுத் திறமையை எதிர்பார்க்காதீங்க. அசையாத பேட்டிக்கு 24 தாராளம். சில்வர் ஓக் இலை காற்றில் ஆடும்போது பத்தாது.

நாகலூர்_மூடுபனி:
அதேதான். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக், அதில் ஏறின மிளகுக்கொடி, கீழே காபிச் செடியின் பளபளப்பான இலை. என்கோடருக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. நீள்-ஜிஓபி முறையில் 12 ஃபிரேமுக்கு ஒன்றுதான் முழுப்படம், மத்ததெல்லாம் "முன்னாடி இருந்ததிலிருந்து என்ன நகர்ந்தது" என்ற குறிப்பு. ஆயிரம் இலை ஆயிரம் திசையில் ஆடினால் அந்தக் குறிப்பே முழுப்படம் அளவு வீங்கிடும். பிட் தீர்ந்துபோய் இலைகள் பச்சைக் கூழ் ஆகும். அரை நொடிக்கு ஒருமுறை முழு ஃபிரேம் வரும்போது படம் ஒரு துள்ளல் கூர்மையாகித் திரும்ப மங்கும். மூச்சு வாங்குற மாதிரி இருக்கும், ஒருமுறை பார்த்துட்டா அப்புறம் அதுமட்டும்தான் கண்ணில் படும்.

ஷட்டர் இங்கேதான் வருது. 1/500இல் ஒவ்வொரு ஃபிரேமும் வெட்டி வச்ச மாதிரி கூர்மை; ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் ஒட்டே இருக்காது. 1/50இல் ஆடுற இலை தானாக மசமசக்கும், பிட் மிச்சம். பான் செய்யும்போது ஒரு பொருள் சட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு நொடிக்குக் குறையாமல் பாருங்க. அப்புறம் ஐரிஸைத் திறந்து, ஒரு கொத்து காபிப் பழம் மட்டும் ஃபோகஸில் இருக்க மாதிரி லென்ஸை நீட்டி எடுங்க. பின்னணி மங்கினால் அதுக்குப் பிட் செலவே இல்லை. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியிலிருந்து எடுக்கிற காட்சிக்கு 24 எம்பிபிஎஸ்ஸை நம்பாதீங்க.

அழகாபுரம்_காணொளி:
மூடுபனிக் காட்சி நிறைய வேணும்ங்க. அதில் விவரமே இல்லையே, எந்த கேமராவும் சமாளிக்கும் இல்லையா?

நாகலூர்_மூடுபனி:
அங்கதான் வேற மாதிரி மாட்டுவீங்க. பனிமூட்டம் முழுக்க வெளிச்ச அளவில் 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குள் அடங்கிடும். 8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 219 படி. அதில் 20 சதவீதம் 44 படிதான். சட்டத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை பனி மெதுவா வெளுக்குதுன்னு வச்சா, 1920 புள்ளியில் 44 படி. ஒவ்வொரு படியும் 44 புள்ளி அகலப் பட்டை. எடிட்டில் கான்ட்ராஸ்ட் ஏத்தினீங்கன்னா பட்டை பட்டையா வயல் வரப்பு மாதிரி தெரியும். 10 பிட்டில் அதே இடத்துக்கு 175 படி, பட்டை 11 புள்ளிதான், கண்ணுக்கு எட்டாது.

சென்சாரின் மெல்லிய இரைச்சல் (படத்தில் துள்ளும் புள்ளிகள்) இந்தப் பட்டைகளை ஓரளவு கலைச்சு விடும். பிட்ரேட் பத்தாத கோடெக் முதலில் துடைக்கிறது அந்த இரைச்சலைத்தான். அதனால் பனிக் காட்சியில் கேமராவின் இரைச்சல் நீக்கி இருந்தால் அணைச்சிடுங்க. கறுப்பு அளவு, காமா எல்லாம் கேமராவிலேயே சரி பண்ணிக்கங்க, பின்னால் இழுக்காதீங்க. 8 பிட் கேமராவில் லாக் வளைவு (எடிட்டில் நிறம் திருத்துறதுக்காகச் சப்பையாப் பதியும் முறை) போடவே வேணாம். இருக்கிற 219 படியையும் இன்னும் நெருக்கி, அப்புறம் எடிட்டில் விரிக்கிற வேலை அது.

ஐந்துரோடு_எடிட்:
+1. லாக் வைத்து 8 பிட்டில் எடுத்துவிட்டு வானத்தைச் சரி செய்யச் சொன்னால் எடிட்டர் என்ன செய்வான்?

கொண்டலாம்பட்டி_ஃபோகஸ்:
சரி, எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, ஒத்துக்கிறேன். ஆனா வாடகைக் கடையில் நின்னுக்கிட்டு இந்தக் கணக்கெல்லாம் போட முடியுமா? அரை மணி நேரத்தில் கேமராவைச் சோதிக்க ஒரு வழி சொல்லுங்க சார்.

செர்வராயன்_ஒளி:
சொல்கிறேன். ஏ3 தாளில் 72 கறுப்பு, 72 வெள்ளை ஆரம் கொண்ட சீமென்ஸ் நட்சத்திரம் ஒன்றை 600 டிபிஐ லேசர் அச்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸில் அடிக்காதீர்கள், அதன் புள்ளியே பெரிது. பளபளப்பில்லாத தாளாக இருக்கட்டும். சுவரில் ஒட்டி, இரண்டு பக்கமும் 45 பாகையில் சம வெளிச்சம். கேமராவை முக்காலியில் வைத்து, தாளின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் படச் சட்டத்தின் விளிம்போடு சரியாகப் பொருந்தும்படி நிறுத்துங்கள். நிலைப்படுத்தி, டிஜிட்டல் ஜூம், ஆட்டோ எல்லாம் அணைத்து, கெயின் (மின்னணு முறையில் வெளிச்சம் கூட்டுவது) 0 டெசிபல், டீடெய்லும் (செயற்கை விளிம்புக் கூர்மை) அணைத்து, ஐரிஸ் எஃப்/4.

தாளின் உயரம் 297 மிமீ. அதில் 1080 வரி என்றால் ஒரு வரிக்கு 0.275 மிமீ, ஒரு ஜோடிக்கு 0.55 மிமீ. ஆரங்கள் நடுவை நோக்கி நெருங்க நெருங்க ஓரிடத்தில் பிரித்தறிய முடியாமல் சாம்பல் வட்டமாகும். முழு 1920×1080 முழுசாகக் கிடைத்தால் அந்த வட்டத்தின் விட்டம் 12.6 மிமீ, இதைவிடச் சிறிதாக இருக்கவே முடியாது. சிறிதாகத் தெரிந்தால், அல்லது நடுவில் வளைந்த பொய்க் கோடுகள் தெரிந்தால், அது அலியாஸிங்.

இப்போது சாம்பல் வட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். நட்சத்திர மையத்துக்கு மேலும் கீழும் ஆரங்கள் செங்குத்தாக நிற்கின்றன. அங்கே சோதிக்கப்படுவது கிடைமட்டத் தெளிவு. பக்கவாட்டில் ஆரங்கள் படுத்திருக்கின்றன. அங்கே செங்குத்துத் தெளிவு. 1440இல் 25பி எடுத்தால் சாம்பல் பகுதி 12.6 மிமீ அகலமும் 16.8 மிமீ உயரமுமாக நெட்டையாகும். 1920இல் 1080ஐ50 எடுத்தால் அகலம் 17 மிமீ பக்கம் போய்க் குட்டையாக, பரந்து நிற்கும். 1440இல் 1080ஐ50 எடுத்தால்? திரும்பவும் வட்டம், 17 மிமீ. முதல் பதிலில் சொன்ன "இரண்டு திசையும் சமம்" இதுதான்.

அப்படியே ஐரிஸை எஃப்/11க்கு மூடிப் பாருங்கள். 1/3 அங்குலத்தில் வட்டம் வீங்குவது கண்ணெதிரே நடக்கும். பிறகு லென்ஸை முழு அகலத்திலும் முழு டெலியிலும் வைத்து, நட்சத்திரத்தை நான்கு மூலைக்கும் நகர்த்திப் பாருங்கள். மூலையில் ஊதா, பச்சை விளிம்பு தெரிந்தால் லென்ஸின் நிறப் பிழை. எச்டிக்கு முந்தைய எஸ்டி காலத்து லென்ஸை எச்டி உடலில் மாட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. அதை இந்த மூலைகள் காட்டிக் கொடுத்துவிடும்.

சோதனைக் காட்சியைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையை எடுத்து, 1920×1080 திரையில் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

கொண்டலாம்பட்டி_ஃபோகஸ்:
இது அருமை சார். தோள் கேமரா என்றால் இதுக்கு முன்னாடி பேக்ஃபோகஸ் (லென்ஸின் பின்பக்கத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரப் பொருத்தம்) சரி பண்ணணும், அதை நான் சொல்றேன் தம்பி. வாடகைக் கேமராவில் பாதி நேரம் அதுதான் கெட்டிருக்கும். அறிகுறி: டெலியில் ஃபோகஸ் பிடிச்சுட்டு அகலத்துக்கு வந்தா படம் மங்கும்.

நட்சத்திரத்தை மூன்று மீட்டர் தள்ளி வை. ஐரிஸ் முழுசாத் திறந்திருக்கணும், வெளிச்சம் அதிகம்னா என்டி போடு, ஐரிஸை மூடாதே. மேக்ரோ வளையம் சாதாரண நிலையில் பூட்டியிருக்கான்னு பாரு. முழு டெலிக்குப் போய் முன் ஃபோகஸ் வளையத்தால் கூர்மையாக்கு. முழு அகலத்துக்கு வா, இப்போ முன் வளையத்தைத் தொடாமல் பின்னால் இருக்கும் பேக்ஃபோகஸ் வளையத்தின் திருகைத் தளர்த்தி அதால் கூர்மையாக்கு. திரும்ப டெலி, திரும்ப அகலம். மாத்த வேண்டியது ஒண்ணுமே இல்லைன்னு ஆகும்வரை செய், மூணு சுற்றில் முடியும். திருகை இறுக்கு. சேலத்து வெயிலில் சரி பண்ணினதை ஏற்காடு குளிரில் ஒரு தடவை பார்த்துக்கணும், உலோகம் சுருங்கும்.

செவ்வாய்ப்பேட்டை_படம்:
கொலுசுப் பட்டறைக்கும் தறிக்கும் யாரும் வழி சொல்லலையே.

கொலுசு: வெள்ளியின் மினுக்கில் 100 சதவீதம் தாண்டும் புள்ளிகள் ஊசி ஊசியாக இருக்கும். நீ (knee) பாய்ன்டை, அதாவது அதிக வெளிச்சத்தை அமுக்கத் தொடங்கும் இடத்தை, 85 சதவீதத்துக்கு இறக்கி, ஜீப்ராவை (வெளிச்சம் மிகுந்த இடத்தில் திரையில் வரும் எச்சரிக்கைக் கோடுகள்) 95இல் வையுங்கள். மினுக்கில் ஜீப்ரா வந்தால் வரட்டும், கொலுசின் உடல் பகுதியில் வரக்கூடாது. நேரடி விளக்கு வேண்டாம். வெள்ளைத் துணி வழியே வரும் பெரிய வெளிச்சம் வேண்டும். டீடெய்ல் அளவைக் கட்டாயம் இறக்குங்கள். டீடெய்ல் என்பது தெளிவைக் கூட்டுவதில்லை, விளிம்பைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போடுகிறது. மணி மணியாக இருக்கும் கொலுசில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று மோதி, வெள்ளி பிளாஸ்டிக் மாதிரி ஆகும். அந்தக் கோடுகளுக்கும் பிட் செலவாகிறது என்பது தனி.

வெண்பட்டு: வேட்டி, அங்கவஸ்திரத்தின் நெருக்கமான இழை சென்சாரின் புள்ளி இடைவெளியோடு மோதினால் வானவில் அலை ஓடும். இது சென்சாரிலேயே நடந்துவிடும் தப்பு. 24 எம்பிபிஎஸ்ஸானாலும் 440 எம்பிபிஎஸ்ஸானாலும் அலை அப்படியே பதிவாகும், எடிட்டிலும் போகாது. ஜூமை ஐந்து சதவீதம் மாற்றுங்கள், அல்லது துணிக்குச் சாய்வாக நில்லுங்கள், அல்லது தறிக்காரரின் விரலில் ஃபோகஸ் வைத்துத் துணியை அரை மூச்சு மங்க விடுங்கள். ஐரிஸை மூடி மங்க வைக்கும் யோசனை வேண்டாம், முகமும் சேர்ந்து மங்கும்.

அழகாபுரம்_காணொளி:
திருவிழா இரவுக்கு?

செவ்வாய்ப்பேட்டை_படம்:
மஞ்சள் சேலை, குங்குமம், வேப்பிலை, மேலே எல்இடி சீரியல் செட். 4:2:0 இன்டர்லேஸின் பலவீனம் மொத்தமும் இங்கே தெரியும். நிறத்துக்குச் செங்குத்தாக 540 வரிதான், அதுவும் இரண்டு ஃபீல்டுக்கும் பிரித்தால் 270. நகரும் சிவப்பு விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியும். 4:2:2 என்றால் ஃபீல்டுக்கு 540 முழுசாக இருக்கும். இரவுக்கு மட்டுமாவது 4:2:2 ஏற்பாடு செய்யுங்கள்.

கெயின் 9 டெசிபலைத் தாண்ட விடாதீர்கள். 18 டெசிபல் என்பது மூன்று ஸ்டாப், இரைச்சலும் எட்டு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுசு புதுசாகத் துள்ளும் அந்தப் புள்ளிகளை என்கோடர் இலை என்றே நினைத்துப் பிட் செலவழிக்கும். ஷட்டர் 1/50. கேமரா 59.94இல் வந்திருந்தால் உடனே 50க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல் விளக்கு துடிக்கும். எல்இடி பலகையில் அப்படியும் பட்டை ஓடினால் கிளியர் ஸ்கேனில் ஷட்டரைத் தசம தசமமாக நகர்த்தி நிறுத்த வேண்டும்.

ஐந்துரோடு_எடிட்:
இப்போ எல்லாரும் மறந்த விஷயம். சேனல் "1080ஐ50" என்று மட்டுமா சொன்னது? ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 118 பரிந்துரை, முழு நிகழ்ச்சிக்கான எச்டி பதிவுக்கு 4:2:2, நீள்-ஜிஓபி என்றால் குறைந்தது 50 எம்பிபிஎஸ், ஒவ்வொரு ஃபிரேமும் தனி என்றால் குறைந்தது 100 என்கிறது. இங்கேயும் பல தரக்கட்டுப்பாட்டு மேசைகள் அதே எண்ணைத்தான் கேட்கும். அப்படியென்றால் உங்க ரெண்டு கேமராவின் உள்பதிவும் தேறாது. 24இல் எடுத்ததை 50 எம்பிபிஎஸ்ஸில் ரெண்டர் பண்ணிக் கொடுத்தால் கோப்பு தேறும், கூழான இலை கூழாகவே இருக்கும்.

எடிட்டுக்கு: 1440 கோப்பை 1920 டைம்லைனில் போடும்போது பிக்சல் விகிதம் 1.333 என்று இருக்கான்னு பாருங்க. எடியஸ் தானா எடுத்துக்கும், சில மென்பொருளில் படம் ஒல்லியா நிற்கும். எச்டியில் மேல் ஃபீல்டு முதலில். பழைய டிவி (DV) டேப் காட்சி சேர்த்தால் அதில் கீழ் ஃபீல்டு முதலில். மாத்தாமல் போட்டால் அசைவு எல்லாம் முன்னும் பின்னும் உதறும். நடுவில் ஒவ்வொரு தடவையும் எச்.264க்கு ரெண்டர் பண்ணாதீங்க, எச்கியூஎக்ஸ் மாதிரி இடைநிலைக் கோடெக் வச்சுக்கங்க. யூடியூபுக்கு 50ஐயை 50பியாக மாற்றுங்க. ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போட்டால் 540 வரிதான் மிஞ்சும்.

அட்டையிலிருந்து ஏவிசிஎச்டி எடுக்கும்போது எம்டிஎஸ் கோப்பை மட்டும் இழுக்காமல் மேலுள்ள முழு ஃபோல்டரையும் காப்பி பண்ணுங்க. நீண்ட பதிவு துண்டு துண்டா இருக்கும், தனியா எடுத்தால் இணைப்பில் சில ஃபிரேமும் ஒலியும் விழும்.

அழகாபுரம்_காணொளி:
சேனலிடம் கேட்டேன். 50 எம்பிபிஎஸ் 4:2:2 கட்டாயமாம். டிஸ்க் கேமராவில் எச்டி-எஸ்டிஐ அவுட் (சுருக்காத படத்தைக் கேபிளில் வெளியே அனுப்பும் இணைப்பு) இருக்கு. வெளி ரெக்கார்டர் மாட்டினால் ஆகுமா?

செர்வராயன்_ஒளி:
தாராளமாக ஆகும். அதையே எடுங்கள். நேரலை நிலையில் எஸ்டிஐ வழியே வருவது டிஸ்க் சுருக்கத்துக்குப் போகும் முன் உள்ள படம், 4:2:2. 1440 ஆக்கும் வேலையும் 4:2:0 ஆக்கும் வேலையும் அதைத் தொடாது. டிஸ்கில் பதிந்ததை பிளேபேக் செய்து எஸ்டிஐயில் எடுத்தால் அந்தப் பலன் இல்லை.

ரெக்கார்டரில் புரோரெஸ் 422 (எடிட்டுக்கு ஏற்ற இடைநிலைக் கோடெக்) வைத்தால் நொடிக்கு 122 மெகாபிட், மணிக்கு 55 ஜிபி. அதன் உயர்தர வகையான எச்கியூ 184, மணிக்கு 83 ஜிபி. பனிக் காட்சிக்கும் தோட்டத்துக்கும் எச்கியூ, பேட்டிக்குச் சாதாரண 422 போதும். சேனலுக்கு 50 எம்பிபிஎஸ் கோப்பைக் கடைசியில் ஒரே ஒரு முறை ரெண்டர் செய்து கொடுங்கள்; அது ஒலியோடு சேர்த்து மணிக்கு 25 ஜிபிதான். டிஸ்கிலும் பதிவு ஓடட்டும், காப்புப் பிரதியாக இருக்கும்.

நாகலூர்_மூடுபனி:
ரெக்கார்டருக்கு விசிறி இருக்கும், பேட்டியில் மைக்கைத் தள்ளி வைங்க. அறையிலிருந்து கேமராவை அப்படியே பனிக்குள் எடுத்துட்டுப் போனால் பிரச்சினை இல்லை. குளிர்ந்த கேமராவை அஸ்தம்பட்டி வெக்கையில் பையிலிருந்து உடனே எடுத்தால்தான் லென்ஸ் வேர்க்கும். பையை மூடினபடியே முக்கால் மணி நேரம் விட்டுடுங்க. உள் கண்ணாடியில் வேர்த்தால் துடைக்க வழி கிடையாது.

அழகாபுரம்_காணொளி:
சரிங்க, டிஸ்க் கேமராவும் ரெக்கார்டரும் சொல்லிட்டேன். எஸ்டிஐ கேபிளுக்கு சிசிடிவி பிஎன்சி கேபிள் போதுமா?

ஐந்துரோடு_எடிட்:
75 ஓம் என்று எழுதியிருக்கணும். வயர்லெஸ் செட்டுக்கு வரும் 50 ஓம் கேபிளும் பார்க்க அப்படியேதான் இருக்கும், அதைக் கொண்டுவராதீங்க. ஒரு மீட்டர் நீளம் போதும், முறுக்காமல் கட்டுங்க, ஒரு கேபிள் உபரி.

கொண்டலாம்பட்டி_ஃபோகஸ்:
மெனுவில் எஸ்டிஐ அவுட்டின் டிஸ்பிளேயை ஆஃப் பண்ணு தம்பி. இல்லைன்னா டைம்கோடும் பேட்டரி அளவும் படத்தோட சேர்ந்தே பதிவாகிடும். ரெக்கார்டர் திரையில் பத்து நொடி எடுத்து ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் மலை ஏறு.